கணையமும் 0.64-உம்

கணையப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தவர் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கு, தெரியுமா மக்களே? நோமோகிராம் என்று பெயர். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனைக்காரர்கள் 2004-ல் வெளியிட்டது. வயசு, கட்டியின் சைஸ், நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கா, வெட்டிய ஓரம் சுத்தமா, முதுகுவலி இருந்ததா... ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால், 1, 2, 3 வருஷம் இந்த நோயில் சாகாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று வந்துவிடும். கிட்டத்தட்ட கட்-ஆஃப் போடுகிற மாதிரிதான்.

(நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுபவன். ஆனால் மாடல் என்று எவன் சொன்னாலும் அதன் அக்யூரசி என்ன என்று கேட்பது எங்க தொழில் புத்தி.)

கேட்டால் வருகிற பதில் 0.64. அதாவது இரண்டு நோயாளிகளை நிறுத்தி, இதில் யார் முதலில் போவார் என்று கேட்டால், 100 ஜோடியில் சுமார் 64-ல் சரியாகச் சொல்லும். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்! டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் 'ஸ்டேஜ்' இதைவிட மோசம், 0.56. ஆராய்ச்சிக்கு, ஆயிரம் பேரை இரண்டு குழுவாகப் பிரிக்க, 0.64 நல்ல விஷயம்தான். அதை ஒரு மனுஷன் கையில் 'உங்களுக்கு இவ்வளவு' என்று கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு வில்லங்கம், டேட்டா பழசு. அந்த 555 பேரும் 1983-லிருந்து 2000 வரைக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 2018-ல் ஃபிரான்ஸும் கனடாவும் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற கீமோ எடுத்தவர்களில் பாதிப்பேர் 54.4 மாதம் தாண்டினார்கள். பழைய ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களுக்கு அது 35 மாதம். பழைய ஸ்கேலுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

கூட வேலை பார்ப்பவர் ஒருத்தர் மாமனாரின் பயாப்ஸி ரிப்போர்ட்டை நீட்டி, "நீங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றார். நம்பரைச் சொல்லாமல் இந்த 64 கதையைத்தான் சொன்னேன். "அப்ப டாக்டர்கிட்ட என்னதான் கேக்கறது?" என்றார். கீமோ எப்ப ஆரம்பிக்கலாம், எந்த மருந்தை அவர் உடம்பு தாங்கும்னு கேளுங்க என்றேன். மறைக்கச் சொல்லவில்லை. மாமனாரே கேட்டால் அவரிடம் நேராகப் பேச வேண்டும், நம்ம ஊர் வழக்கப்படி மூடி மறைப்பது எனக்கு ஆகாது. ஆனால் 'ஒரு வருஷமும் இருக்கலாம், அஞ்சு வருஷமும் இருக்கலாம்' என்று அகலமாகச் சொல்வதுதான் இந்தக் கணக்குக்கு நியாயம்.

ஆபரேஷனுக்கு முன்னால் இருப்பவர்கள் கேட்க வேண்டியது வேற: "இந்த ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்றீங்க?" அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டிலிருந்த முதியவர்களை வைத்து 2002-ல் வந்த ஆய்வில், கணைய ஆபரேஷனை அபூர்வமாகச் செய்கிற ஆஸ்பத்திரிகளில் அதை ஒட்டியே இறந்தவர்கள் 16.3 சதவீதம். நிறைய செய்கிற இடங்களில் 3.8. இதுக்கு நோமோகிராமே வேண்டாம், வாய் இருந்தால் போதும்.

டிஸ்கி: 'ஸ்டீவ் ஜாப்ஸ் ஆபரேஷனுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்தாரே' என்று கிளம்பாதீங்க. அவருக்கு வந்தது நியூரோஎண்டோகிரைன் கட்டி, மெதுவாக வளர்கிற வேற வகை. இந்தக் கணக்கு அதுக்குப் போட்டதே இல்லை :-)