பொக்கெட்டில் ஒரு சின்னக் கத்தி: பயமா, பயனா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள். வாசித்துவிட்டு ஏசுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தரம் 10 வகுப்பில் ஒரு மேசைக்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்க்ரூ கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஆசிரியர் ஓய்வறையில் பதினான்கு பேர் இருந்தோம். ஒருவரிடமும் ஸ்க்ரூட்ரைவர் இல்லை. சிற்றூழியர் அன்று லீவு. "நாளைக்குப் பார்ப்போம்" என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிள்ளைக்கு அந்தப் பொறுமை இல்லை. கென்டீனில் இருந்து பழம் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து அதன் நுனியால் ஸ்க்ரூவை முறுக்கினான். நுனி வழுக்கி இடது உள்ளங்கையில் ஏறிவிட்டது. நாலு தையல். அல்ஹம்துலில்லாஹ், நரம்பில் படவில்லை.

அடுத்த நாள் ஓய்வறையில் நாங்கள் ஒரு யோசனை சொன்னோம். ஒஃபீஸில் ஒரு சின்ன டூல் பெட்டி வைப்போம், வீட்டிலும் ஆளுக்கொரு மல்ட்டிடூல் வாங்கி வைத்துக்கொள்வோம் என்றோம். ஒரு மூத்த ஆசிரியர் உடனே சொன்னார்: "வேணாம் சேர். அதுல கத்தி இருக்கும். நம்மட ஆக்கள் கத்தி வச்சிருந்தா என்ன கதை வரும் எண்டு தெரியாதா?"

யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் எதைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் விளங்கியது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நாட்களை எங்கட சமூகத்தில் யாரும் மறக்கவில்லை. ஊரூராகச் சோதனை நடந்தது. மே மாத ஆரம்பத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் கேட்டது. அன்றாட வேலைக்குப் பாவிக்கிற கத்தி அதில் சேராது என்றும் சொன்னார்கள். ஆனால் பயந்துபோயிருந்த வீடுகளில் அந்த இரண்டாவது வரி யாருடைய காதிலும் விழவில்லை. இறைச்சி வெட்டுகிற கத்தியைப் பேப்பரில் சுற்றிப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். தேங்காய் உடைக்கிற கத்தியைக் கிணற்றில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

எங்கட வீட்டில் வாப்பாவின் பேனாக்கத்தி போனது. சிவப்புக் கைப்பிடி. ஒரு அலகு, ஒரு பேணி வெட்டி, ஒரு தமரூசி, ஒரு தட்டை ஸ்க்ரூட்ரைவர். மடித்தால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். தம்பியும் நாங்களும் இரவில் பைக்கில் போய் அதைக் களப்பில் எறிந்துவிட்டு வந்தோம். வாப்பாவிடம் கேட்கவும் இல்லை. காலையில் தேடினார். சொன்னோம். "சரி மகன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை.

அந்தக் கத்தியின் கதை தெரிந்தால்தான் அந்தச் "சரி மகன்" எவ்வளவு பாரம் என்று விளங்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயசு. உயிர் தப்பியவர்கள் ஒரு பாடசாலை வகுப்பறைகளில் படுத்திருந்தோம். இரண்டாம் நாள் லொறியில் டின்மீன் வந்தது. பெட்டி பெட்டியாக வந்தது, ஆனால் பேணியை வெட்ட ஒன்றும் இல்லை. ஆணியால் குத்தினார்கள், கல்லில் தேய்த்தார்கள். வாப்பாவின் காற்சட்டைப் பொக்கெட்டில் அந்தக் கத்தி இருந்தது. அன்று பின்னேரம் முழுக்க அவர் ஒரு மூலையில் குந்தியிருந்து பேணி வெட்டினார். அந்த வகுப்பறையில் இருந்த எல்லாரும் அவர் வெட்டிக் கொடுத்த மீனைத்தான் சாப்பிட்டார்கள்.

அப்படி ஒரு சாமானைத்தான் நாங்கள் களப்பில் எறிந்தோம்.

அன்று பயந்தது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. பயப்படக் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் இத்தனை வருஷம் கழிந்தும் எங்களோடு குடியிருப்பது சரியா என்பதுதான் கேள்வி. ஒரு ஸ்க்ரூவை முறுக்கத் தெரியாத, தொட்டதற்கெல்லாம் பாஸைக் கூப்பிடுகிற ஒரு தலைமுறையை நாங்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறோம். கத்தியைக் கண்டே பழகாத பிள்ளைதான் கத்தியைப் பிழையாகப் பிடிக்கிறான். அந்த நாலு தையலுக்கு அவனுடைய குறும்பு மட்டும் காரணம் இல்லை. நாங்களும் காரணம்.

மடிப்புக் கத்தியில் பல கருவிகளைச் சேர்த்த கதையும் வேலையில் இருந்து வந்ததுதான். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் அந்த நாட்டுப் படைக்கு மடிப்புக் கத்தி கொடுத்தார். சிப்பாய் பேணி வெட்டவும் துப்பாக்கியின் ஸ்க்ரூவைக் கழற்றவும்தான் அது. இன்று விக்டோரினொக்ஸ் என்று நாங்கள் அறிகிற கம்பனி அதுதான். அமெரிக்காவில் டிம் லெதர்மன் என்பவர் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஊர் சுற்றப் போனார். காரும் பழுது, தங்கிய இடங்களில் குழாயும் ஒழுக்கு. கையில் பேனாக்கத்தி இருந்தது, குறடு இல்லை. குறடும் கத்தியும் ஒன்றாக இருந்தால் என்ன என்று யோசித்தார். அது கடைக்கு வர 1983 ஆனது. இரண்டும் அடிபிடிக்குச் செய்த சாமான் இல்லை, திருத்த வேலைக்குச் செய்தவை.

இனி, வாங்க நினைக்கிறவர்களுக்கு எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் உங்கட வேலை என்ன என்று பாருங்கள். கடிதம் திறக்க, பழம் வெட்ட, ப்ளக்கின் ஸ்க்ரூ முறுக்க என்றால் சின்னப் பேனாக்கத்தி வகை போதும். பாரம் இல்லை, பொக்கெட்டும் தொங்காது. பைக், வாட்டர் பம்ப், வேலிக்கம்பி என்று வேலை செய்கிறவர்களுக்குக் குறடு உள்ள மல்ட்டிடூல்தான் சரி. இருபது முப்பது கருவி என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நாங்கள் தினமும் பாவிக்கப்போவது ஐந்து ஆறுதான்: அலகு, தட்டை ஸ்க்ரூட்ரைவர், நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர், பேணி வெட்டி, கத்தரிக்கோல், குறடு.

பழைய மொடல்கள் பலவற்றில் வைன் போத்தல் மூடி கழற்றுகிற திருகி ஒன்று இருக்கும். எங்கட வீடுகளில் அதற்கு என்ன வேலை? இறுகிய கயிற்று முடிச்சை அவிழ்க்கலாம், அவ்வளவுதான். அந்த இடத்தில் நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர் உள்ள மொடலும் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் வெட்கப்படாமல் எல்லாக் கருவியையும் திறந்து பாருங்கள். திறக்கும்போது நகம் உடைகிற அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தானாக விழுகிற அளவுக்குத் தளர்வாகவும் இருக்கக் கூடாது. அலகைத் திறந்து இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் வைத்துவிடுங்கள். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனி இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கம்பனிப் பெயர் அலகின் அடியில் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். பெரிய பெயர் போட்ட சாமான் நம்ப முடியாத மலிவு விலைக்கு வந்தால், அது அந்தக் கம்பனியின் சாமான் இல்லை.

அலகு திறந்தபின் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். சின்னப் பேனாக்கத்திகளில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டும்தான். அமர்த்திக் குத்தினால் மடிந்து விரலை வெட்டும். பாரமான வேலைக்குப் பூட்டு உள்ளதை எடுங்கள். பட்டனை அழுத்தினால் பாய்கிற கத்தி, மிருகப் படமும் முள்ளும் போட்ட பெரிய கத்தி, இவை பக்கமே போக வேண்டாம். அவை வேலைக்குச் செய்தவை இல்லை.

அடுத்தது பராமரிப்பு. எங்களைப் போல கடலோரம் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம்.

கறள் பிடிக்காத உருக்கு என்று சொல்வது குரோமியம் குறைந்தது 10.5 வீதம் கலந்த உருக்கை. கறள் பிடிக்கவே பிடிக்காது என்று அர்த்தம் இல்லை. உப்புக்காற்றும் வியர்வையும் எலுமிச்சைச் சாறும் அதையும் தின்னும், சின்னச் சின்னப் புள்ளியாக. ஆகவே மீன், பழம் வெட்டினால் அன்றைக்கே கழுவுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, ஒவ்வொரு கருவியையும் தண்ணீருக்குள்ளேயே இரண்டு மூன்று தரம் திறந்து மூடுங்கள். மூட்டுக்குள் இருக்கிற அழுக்கு வெளியே வரும். பழைய பல் துலக்கும் பிரஷ் நல்ல உதவி. பிறகு துணியால் துடைத்து, எல்லாவற்றையும் திறந்த நிலையில் காய விடுங்கள். ஈரத்தோடு மடிப்பதும் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைப்பதும்தான் கத்தியைக் கொல்கிற வேலைகள்.

காய்ந்தபின் மூட்டுக்கு ஒரு துளி எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். சாப்பாட்டுச் சாமான் வெட்டுகிற கத்தி என்றால் ஃபார்மசியில் விற்கிற லிக்விட் பரஃபின் ஒரு சின்னப் போத்தல் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

தீட்டுவதை மட்டும் சுற்றுகிற சாணையில் கொடுக்காதீர்கள். அந்தச் சூட்டில் அலகு நீலம் பாய்ந்தால் உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. ஹார்ட்வெயாரில் இரண்டு பக்கக் கல் ஒன்று வாங்கி, தண்ணீர் போட்டுக் கையால் தீட்டுங்கள். கோணம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகை. அளப்பது எப்படி? ஒரு தாளின் மூலை 90 பாகை. பாதியாக மடித்தால் 45. இன்னொரு தரம் மடித்தால் 22.5. அதைக் கல்லின் பக்கத்தில் வைத்து, அதைவிடக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில். கூர் வந்ததா என்று பெருவிரலில் பார்க்க வேண்டாம். பழைய பத்திரிகைத் தாளைக் கிழிக்காமல் வெட்டினால் போதும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. அலகை ஸ்க்ரூட்ரைவராகவோ நெம்புகோலாகவோ பாவிக்காதீர்கள். நுனி முறிந்து கண்ணுக்குப் பாயும். கரண்ட் உள்ள வயரில் மல்ட்டிடூலை வைக்கவே வைக்காதீர்கள். அதன் கைப்பிடி வெறும் உலோகம். எங்கட வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உம்றாவுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போகிறவர்கள் கைப்பையில் இதை வைக்காதீர்கள். எயார்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். லக்கேஜில் போட்டு அனுப்புங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். பாடசாலைக்குக் கத்தி கொண்டுவரக் கூடாது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும். ஆசிரியருக்கும் அதே சட்டம்தான். பொலிஸ் சோதனை நடக்கிற நேரமும், நீதிமன்றம், கூட்டம், ஊர்வலம் என்று போகிற இடத்துக்கும் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். இதைப் பயம் என்று எடுக்காதீர்கள், இடம் அறிந்து நடப்பது. ஆனால் வீட்டில், வாப்பாவோ உம்மாவோ பக்கத்தில் இருந்து, பத்து வயசுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம். பெண்பிள்ளைக்கும்தான். வெட்டும்போது அலகு உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். கையில் கத்தியோடு ஓடக் கூடாது. இன்னொருவரிடம் கொடுக்கும்போது மடித்துக் கொடுக்க வேண்டும்.

இது எங்களுக்குப் புதிய பாடமும் இல்லை. உருவிய வாளை அப்படியே ஒருவர் கையில் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸில் வருகிறது. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை விளையாட்டுக்குக்கூட அனுமதிக்கவில்லை. அறுக்கும்போது பிராணிக்கு வேதனை குறைய அலகைத் தீட்டிக்கொள்ளச் சொன்னதும் அதே மார்க்கம்தான். கத்தியை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. ஒழுக்கத்தோடு பிடிக்கத்தான் சொல்லியிருக்கிறது.

பாடசாலைக்கு நாங்கள் கேட்பது ஒன்றுதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறோம். ஒஃபீஸில் பூட்டுள்ள ஒரு பெட்டி. அதில் இரண்டு ஸ்க்ரூட்ரைவர், ஒரு குறடு, ஒரு சுத்தியல். சாவி ஓர் ஆசிரியரின் பொறுப்பில். எடுத்தால் கொப்பியில் பெயர் எழுத வேண்டும். இதற்கு ஒரு விளையாட்டுப் போட்டியின் கிண்ணச் செலவுகூட வராது.

அந்த மூத்த ஆசிரியரிடம் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் பயம் எங்கட பயம்தான். நாங்களும் ஒரு கத்தியைத் தண்ணீரில் எறிந்தவர்கள். ஆனால் அடுத்த தரம் வெள்ளமோ புயலோ வந்து ஏதோ ஒரு வகுப்பறையில் டின்மீன் பெட்டி வந்து இறங்கும்போது, அங்கே இருக்கிற நூறு பேரில் ஒருவரின் பொக்கெட்டிலாவது பேணி வெட்டி இருக்க வேண்டும்.

போன பெருநாளைக்குத் தம்பி ஒரு சின்னப் பேனாக்கத்தி வாங்கி வந்து தந்தான். சிவப்புக் கைப்பிடிதான். வாப்பா இல்லை, காட்டவும் முடியவில்லை. இப்போது மகள் அதைக் கொண்டு தோடம்பழம் வெட்டப் பழகுகிறாள். வெட்டி முடிந்ததும் கழுவி, துடைத்து, மடித்து எங்கட கையில் தருகிறாள்.

உங்கட வீட்டிலும் 2019இல் புதைத்தது, எறிந்தது ஏதாவது இருந்தால் கொமெண்டில் எழுதுங்கள். திருத்துகிற வேலை தெரிந்த நானாமார் இருந்தால், நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். இன்ஷா அல்லாஹ், பெட்டி வந்தால் அதையும் இங்கே போடுவோம்.