அம்மாவைப் பெற்றவள் பெயர் என்ன?

அபிராமம், கமுதி வட்டாரத்துக் கொண்டையங்கோட்டை மறவர் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால் 'என்ன கிளை?' என்று கேட்பார்கள். பிள்ளைக்குக் கிளை வருவது தாய்வழியில். இருவரும் ஒரே கிளை என்றால் அண்ணன் தங்கை முறை, சம்பந்தம் கிடையாது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. இதே ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார்.

ஆனால் இங்கேயே ஒரு குடும்பத்தின் கதையை எழுத உட்கார்ந்தால் அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஆண் பெயர்கள்தான் வரிசை கட்டும். அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள் என்று கேட்டால் பெரியவர்களே முழிக்கிறார்கள். கிளைப் பெயர் தங்கிவிட்டது; அதைச் சுமந்து வந்தவளின் பெயர் தங்கவில்லை.

அரசு ஏடுகளும் யோக்கியமில்லை. 1951-52 பொதுத்தேர்தலுக்கான பட்டியலில் சொந்தப் பெயர் சொல்லாமல் 'இன்னாரின் அம்மா', 'இன்னாரின் மனைவி' என்று பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில்தான். நம் ஊர் பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமானதே 1989-ல்தான். அதுவும் அதற்குமுன் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. பத்திரங்களைப் புரட்டிப் பூட்டியைத் தேட நினைப்பவர் ஏமாந்துதான் போவார்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் பிறந்த வீட்டாரின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. தாய்வீட்டுத் தடயம் எவ்வளவு அவசியம் என்பது அப்போது பலருக்கும் உறைத்தது.

வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே இருந்தவளைவிடக் கப்பல் ஏறியவளுக்குத் தடயம் அதிகம். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பட்டியலில் பெண்ணின் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர், உடம்பிலிருந்த தழும்புவரை எழுதியிருக்கிறார்கள். அக்கறையால் அல்ல, ஆள் தப்பிவிடக் கூடாதே என்பதற்காக. டர்பன் தமிழர்கள் இன்று அந்த ஏட்டை வைத்துத்தான் கொள்ளுப்பாட்டியின் கிராமத்தைத் தேடுகிறார்கள்.

உள்ளூரிலேயே இருந்து வரலாற்றில் ஏறியவர் வீரம்மா. புதுச்சேரி அருகே ஒரு சிற்றூரின் சேரியில் வாழ்ந்த விவசாயக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாதவர். பன்னிரண்டு பெற்று மூன்றைத்தான் மிச்சம் கண்டார். நாற்று நடவு, பாட்டு, பிரசவம், பேய், பண்ணையார் என்று அவர் பேசியதை ஆய்வாளர் ஜோசியான் ரசின் ஆண்டுக்கணக்கில் ஒலிப்பதிவு செய்தார். 1995-ல் அது பிரெஞ்சில் புத்தகமானது. பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. பாரிஸ்வரை போன அந்தக் கதைக்கு மூலதனம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும்தான்.

அந்தக் கருவி இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், அப்பத்தாவையும் அம்மாச்சியையும் உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பிறந்த ஊர், கிளை, தாயின் பெயர், பேறு பார்த்தவள் பெயர், எந்தப் பஞ்சத்தில் யார் பர்மாவுக்கோ கொழும்புக்கோ போனார்கள் என்பதையெல்லாம் கேளுங்கள். குடும்ப நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெண்களின் பெயர்களை எழுதுங்கள்.