அம்மியின் ருசி பேசுகிறவர்களுக்கு

நெடுஞ்சாலை ஓரத்து 'கிராமத்துச் சமையல்' கடைகளில் வாசலிலேயே ஒரு அம்மி, ஒரு ஆட்டுக்கல், பக்கத்தில் உரலும் உலக்கையும் வைத்து மஞ்சள் குங்குமம் பூசியிருக்கிறார்கள். உள்ளே மிக்ஸி ஓடுகிறது. சாப்பிட வந்தவர்கள் அம்மியோடு படம் எடுத்துக்கொண்டு, 'அந்தக் காலத்துல எங்க பாட்டி கல்லுல அரைச்ச சட்னி மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுகிறார்கள். இயற்கை உணவு, மரபு மருத்துவம், தமிழர் தொன்மை என்று பல பேர்களில் கிளம்பியிருக்கிற கூட்டமும் இதையேதான் சொல்கிறது. அம்மி அரைத்தால் இடுப்புக்கு நல்லதாம். ஆட்டுக்கல் சுற்றினால் கர்ப்பப்பைக்கு நல்லதாம். சொல்கிறவர்களில் முக்கால்வாசி ஆம்பளைகள்.

அந்தக் கல்லை யார் கொத்தியது, யார் அரைத்தது, யார் வீட்டுக்கு அரைத்தது, என்ன கூலி? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

உரலை எடுத்துக்கொள்வோம். நெல் குத்துவது என்றால் உலக்கையைத் தூக்கிப் போடுவது என்று நினைக்கிறார்கள். காய்ந்த நெல்லை உரல் குழியில் கொட்டி, சிதறாமலிருக்க வாயில் குந்தாணி வைத்து, இரண்டு பொம்பளைகள் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏறும். ஒரு நொடி பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும். கை சலித்தால் நிறுத்தாமலே வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்ற வேண்டும். முதல் குத்தில் உமி கழறும். முறத்தில் புடைத்து உமியை ஊதிவிட்டு மறுபடி உரலில் போட்டுத் தீட்டினால் தவிடு இறங்கும். பிறகு நாவி, அரிசி வேறு நொய் வேறாகப் பிரிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் அது அரிசி. உமிச் சுணை கழுத்தில் ஒட்டி அரிக்கும். உள்ளங்கையில் காப்புக் காய்த்துத் தோல் தடித்துவிடும்.

எங்கள் விழுப்புரம் பக்கத்தில் இந்த வேலையை ஊர்த்தெருவுக்குச் செய்தது சேரிப் பெண்கள். எங்க ஆயா சொல்லும்: "கோழி கூப்புடறப்ப போவணும். உரலு ஆண்டை வூட்டுப் பொழக்கடையில. வாசல் வழியா போவக்கூடாது, சந்து வழியாத்தான். குத்தி முடிச்சா அரிசி அவங்களுக்கு, நொய்யும் தவுடும் எனக்கு. அந்த நொய்யிலதான் உங்கப்பன வளத்தேன்."

இதில் ஒரு சங்கதி இருக்கிறது, கவனியுங்கள். ஆயா குத்திய அரிசி ஆண்டை வீட்டு அடுப்புக்குப் போகும். ஆனால் அதே அரிசியை ஊறப்போட்டு விட்டால் அதை ஆயா தொடக்கூடாது. ஆட்டுக்கல் இருந்த இடத்துக்கு ஆயா போனதே இல்லை. அம்மியும் அப்படித்தான். காய்ந்த தானியத்துக்குத் தீட்டில்லை, ஈரம் பட்டால் தீட்டு. சாஸ்திரம் எவ்வளவு வசதியாக எழுதப்பட்டிருக்கிறது! முதுகு ஒடிகிற வேலை இருக்கும் இடத்தில் தீட்டு ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. ஈரக்கல் முன்னால் உட்கார்ந்து அரைத்தவர்கள் அந்த வீட்டு மருமகள்கள். அவர்களுக்கு அது கூலியில்லாத வேலை. திருமணத்தில் அம்மி மிதிக்க வைக்கிறார்களே, கல்லைப் போல அசையாமல் நில் என்பதுதான் அந்தச் சடங்கின் உபதேசம். மிதித்த கல்லின் முன்னாலேயே ஆயுள் முழுக்க உட்கார வைத்தார்கள்.

சேரியில் என்ன இருந்தது? வீட்டுக்கு ஒரு உரல் யாரிடம் இருந்தது? தெருவுக்குப் பொதுவாக ஒன்று கிடக்கும். பாறை இருக்கிற ஊர்களில் பாறையிலேயே குழி பறித்து அதில் கேழ்வரகையும் கம்பையும் குத்துவார்கள். திரிகை இருந்த வீட்டுக்குத் தெருவே போய் நிற்கும். அடிக்கல்லின் முளையில் மேல்கல்லைப் பொருத்தி, குழியில் ஒரு கை கேழ்வரகு போட்டுச் சுற்றினால் ஓரத்தில் மாவு வழியும். அதிகம் போட்டால் நொறுங்கலாக வரும், குறைத்துப் போட்டால் கல்லோடு கல் உரசிக் கல்பொடி சேரும். அந்த அளவு கையிலேயே இருக்கும். நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்து, இருட்டில் காய்ந்த மிளகாயை உப்போடு வைத்து நுணுக்கி, தண்ணீர் தெளித்துத் தெளித்து இழுத்து அரைத்து வழித்து எடுப்பார்கள். சேற்றுப்புண்ணும் அரிவாள் கீறலும் உள்ள விரலில் மிளகாய் ஏறினால் எப்படி இருக்கும் என்று அந்த ருசிகரக் கட்டுரையாளர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா?

எம்.ஏ. வகுப்பில் சிலப்பதிகாரத்து வள்ளைப்பாட்டு படித்தோம். உலக்கைப் பாட்டுதான் வள்ளைப்பாட்டு. அதில் புகார் நகரத்துப் பெண்கள் காஞ்சி மர நிழலில் கரும்பை உலக்கையாகப் பிடித்து முத்துகளைக் குத்துகிறார்கள். சோழன் புகழ் பாடுகிறார்கள். பேராசிரியர் கற்பனை நயத்தை விளக்கினார். முத்து குத்திய உரலில் நொய் விழாது, தவிடு விழாது, கூலியும் கேட்க வேண்டியதில்லை.

இந்த ஏக்கத்துக்கு ஒரு அரசியல் வரலாறும் உண்டு. 1934இல் காந்தி அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது கைக்குத்தல் அரிசியும் கையால் அரைத்த மாவும் அதன் திட்டத்தில் இருந்தன. ஆலை அரிசியில் சத்து போய்விடுகிறது என்றார். அது உண்மைதான். குத்துகிறவளின் சத்து எங்கே போகிறது என்பதுதான் நம் கேள்வி. 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் அம்பேத்கர் இதற்குப் பதில் எழுதிவிட்டார். மனிதன் மிருகத்தைப்போல உழைத்துச் சாகாமலிருக்க ஓய்வு வேண்டும், ஓய்வுக்கு இயந்திரம் வேண்டும் என்பது அவர் வாதம். இயந்திரத்தால் கேடு வருகிறதென்றால் அது இயந்திரத்தின் குற்றமல்ல, அதைத் தனிச்சொத்தாக வைத்திருக்கும் சமூக அமைப்பின் குற்றம் என்றார்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, 'இலவசம் கொடுத்துச் சனங்களைச் சோம்பேறி ஆக்குறாங்க' என்று கத்தியவர்கள் யார்? தங்கள் வீட்டில் தலைமுறையாகக் கிரைண்டர் ஓடியவர்கள். நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் காலனிக்கு அது வந்தபோது பெண்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது, அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தைக்கூடப் பொறுக்க முடியாதவர்கள்தான் இன்றைக்கு அம்மிக்காக அழுகிறார்கள்.

கிரைண்டருக்குள்ளும் கல்தான் சுற்றுகிறது. அரைத்தவளுக்கு முன்னால் கொத்தியவர்கள் இருக்கிறார்கள். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கிப் பிளந்து, உளியால் குழி எடுத்து, தேய்ந்துபோன அம்மியைத் தெருத்தெருவாக 'அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல் கொத்தலியோ' என்று கூவிக் கொத்திக் கொடுத்தவர்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒட்டர்கள், போயர்கள். கர்நாடகத்தில் இவர்கள் பட்டியல் சாதி, இங்கே மிகவும் பிற்படுத்தப்பட்டோர். உளி ஒன்றுதான், சட்டம் எல்லைக்கு எல்லை மாறுகிறது. கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வந்தால் மருந்தில்லை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

கல்லாயுதப் பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1863 மே 30இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் ஆய்வு வெளியானது. உடனே மேடையில் 'உலகின் முதல் கருவி செய்தவன் தமிழன்' என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அதைவிடப் பழையவை கிடைத்திருக்கின்றன. தவிர, 15 லட்சம் ஆண்டுக்கு முன் நம் மனித இனமே தோன்றவில்லை, தமிழன் எங்கிருந்து வந்தான்? குவார்ட்சைட் கல்லைத் தட்டிச் செதுக்கிய அந்தக் கைக்கு ஊரும் இல்லை சேரியும் இல்லை. அதற்குப் போய்ச் சாதித்தமிழன் பட்டா கேட்கிறான்.

மகாராஷ்டிரத்தில் திரிகை சுற்றிக்கொண்டே பெண்கள் பாடிய பாட்டுகளை ஹேமா ராயிர்கரும் கய் புவாத்வானும் ஊர் ஊராகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்தார்கள். அதில் தலித் பெண்கள் அம்பேத்கரைப் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. கல்லை வாசலில் வைத்துப் பொட்டு வைக்காமல் சுற்றியவளைப் பேச விட்டதால் கிடைத்தவை. அங்கே அந்தத் தலைமுறை மறைவதற்குள் செய்துவிட்டார்கள். நம்மிடம் இன்னும் சில கிழவிகள் மிச்சம் இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் விடுமுறைக்குப் போகும்போது கேட்டு எழுதி வாருங்கள்: எத்தனை மரக்கால் குத்தினாய், யார் வீட்டில், எந்த வழியாக உள்ளே போனாய், என்ன கொடுத்தார்கள், உலக்கை பிடிக்கையில் என்ன பாடினாய், கூலி குறைந்த நாளில் என்ன சொல்லித் திட்டினாய். திட்டையும் விடாமல் எழுதுங்கள்.