தீர்ப்புக்குப் பிந்திய கடமை

அரசாங்கத்தின் ஒரு செய்கை அரசியல் சாசனத்துக்கு இசைந்ததா அன்றா என்று முடிவாகச் சொல்லும் உரிமை எவருக்குரியது என்னும் வினா, சட்ட நிபுணர்களின் சர்ச்சையாக மட்டும் நின்றுவிடாமல், மலேசியாவின் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஒரு தாயின் வழக்காக எழுந்தது.

பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று குழந்தைகளை, 2009-இல், தாயின் சம்மதமின்றி அவர் கணவர் இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார். அக்குழந்தைகள் பதிவாளர் முன்னிலையில் வரவுமில்லை. பேராக் மாநிலச் சட்டம் விதித்தபடி இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவைத் தம் வாயால் மொழியவுமில்லை. ஆயினும் மதமாற்றச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. 2013-இல் ஈப்போ நீதிபதி லீ ஸ்வீ செங் அவற்றை ரத்து செய்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்விஷயம் ஷரியா நீதிமன்றத்துக்கே உரியதென்று அத்தீர்ப்பைத் தள்ளியது. 2018 ஜனவரி 29-ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம், ஜைனுன் அலி எழுதிய தீர்ப்பின் வாயிலாக, தாய்க்கே நியாயம் வழங்கியது.

1988-ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்றங்களின் அதிகாரம் பற்றிய 121-ஆவது விதியைச் சுருக்கிய போதிலும், நிர்வாகத்தின் செய்கைகளைச் சீர்தூக்கும் அதிகாரம் சாசனத்தின் அடிப்படை அமைப்பின் பகுதியாதலால் அதைப் பறிக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்திய உச்ச நீதிமன்றம் 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் நிலைநாட்டிய தத்துவமும் இதற்கு நெருங்கிய உறவுடையதே. மக்கள் தேர்ந்தெடுத்த அரசை நியமனம் பெற்ற நீதிபதிகள் தடுக்கலாமா என்று கேட்போர் உண்டு. ஆனால் அச்சான்றிதழ்களை வழங்கியவர்கள் மக்களல்லர். சட்டம் அளித்த அதிகாரத்தைக் கையாண்ட அதிகாரிகளே. எல்லையுள்ள அதிகாரத்தின் எல்லையை, அதைக் கையாள்பவரே அளந்துகொள்ளலாகாது. பின்னாளில் பேராக் சுல்தானான ராஜா அஸ்லான் ஷா, நீதிபதியாக இருந்தபோது 1979-இல் வற்புறுத்திய கொள்கையும் இதுவே.

ஆயினும் நீதிமன்றத்துக்குப் படையுமில்லை, பொக்கிஷமுமில்லை. 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாதென்ற நீதிமன்ற ஆணையை மாநில ஆளுநர் எதிர்த்தபோது, ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பி அதை நிறைவேற்றினார். இங்கோ, குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்காத கணவரைக் கைது செய்யும் ஆணையைப் போலீசார் நிறைவேற்றியாக வேண்டுமென்று கூட்டரசு நீதிமன்றம் 2016-இல் தெளிவாகப் பணித்த பின்னரும், கைக்குழந்தையாகப் பிரிக்கப்பட்ட கடைசி மகள் பல்லாண்டுகள் தாயிடம் வந்து சேரவில்லை.

சாசனத்தைக் காப்பதாகப் பிரமாணம் எடுத்தவர்கள், தீர்ப்பை நிறைவேற்றுவதும் அப்பிரமாணத்தின் பகுதியே என்பதை உணர வேண்டும். அம்மகளைத் தேடுவதில் என்ன செய்தோம் என்று உள்துறை அமைச்சு காலந்தோறும் பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டட்டும். பெற்றோர் ஒருவரின் சம்மதமே போதுமென்று கூறும் மாநிலச் சட்டங்கள், இருவரின் சம்மதமும் வேண்டுமென்ற 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு இணங்கத் திருத்தப்படட்டும்.