பள்ளிக்கூடம் இல்லாத ஆசிரியர் கல்லூரி

ஆஸ்பத்திரி இல்லாமல் வைத்தியக் கல்லூரி நடத்த இந்த நாட்டில் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று பழகாத ஒருவர் டாக்டராக முடியாது. ஆனால் சொந்தப் பள்ளிக்கூடம் இல்லாமல் ஆசிரியர் கல்லூரி நடத்தலாம்! பி.எட். கல்லூரிகளுக்கு தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் 2014-ல் வகுத்த விதிகளைப் பாருங்கள். கல்லூரியின் பொறுப்பில் ஒரு பள்ளி இருப்பது "விரும்பத்தக்கது" என்றுதான் அதில் இருக்கிறது. வெளியே உள்ள பத்துப் பள்ளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்தால் போதும்.

இது படித்தவர்கள் விவகாரம், ஆலையில் நூல் நூற்பவனுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் இதில் என்ன என்று தோழர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் படிக்கும் சர்க்கார் பள்ளிகளும் அந்தப் பத்தில் சேர்த்தி. அங்கே பாடம் நடத்திப் பழக வருகிறவர்களோ பெரும்பாலும் நம்மைப் போன்ற குடும்பங்களின் பெண்கள். இரண்டு பக்கமும் நாம்தான் இருக்கிறோம்.

கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் உப்பளத்தால் பெயர் பெற்ற ஊர். இன்று வடக்கே படூரில் பல்கலைக்கழகம், மேற்கே வண்டலூர் சாலையில் பல்கலைக்கழகம், தெற்கே காலவாக்கத்தில் என்ஜினீயரிங் கல்லூரி, சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். அதே பழைய மாமல்லபுரம் சாலையில் இன்னும் வடக்கே போனால் காரப்பாக்கம். அங்கேதான் 2008-ல் ஏற்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநிலத்தின் பி.எட். கல்லூரிகளுக்கு அதுவே தலைமைப் பீடம். ஆக, வாத்தியார்களை உருவாக்கும் தலைமையிடமே நம் சாலையில்தான்! இந்தக் கட்டிடங்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், இப்போது அவற்றைப் பெருக்கித் துடைக்கிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் சர்க்கார் மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தையும் அந்தப் பள்ளிகளையும் இணைப்பது ஒன்றே ஒன்று: பயிற்சிக்காகப் பஸ் ஏறி வரும் பி.எட். மாணவி.

அவள் நிலை என்ன? பி.எட். படிப்பு ஓராண்டாக இருந்தபோது 40 நாள் பள்ளிப் பயிற்சி. இரண்டு ஆண்டாக்கிய பிறகு முதலாண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம். ஆயிரம் பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்குப் பத்துப் பேருக்கு மேல் அனுப்பக் கூடாது என்றும் விதி இருக்கிறது. காகிதத்தில் இது முன்னேற்றம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த 16 வாரமும் அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறவர் யார்?

பஞ்சாலையில் புதுப் பையன் ஒருவன் சேர்ந்தால் அவனைத் தனியாக மெஷினில் விட்டுவிடுவார்களா? கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் பக்கத்தில் நின்று, அறுந்த இழையை எப்படிச் சேர்ப்பது என்று விரலைப் பிடித்துக் காட்டுகிறார். 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சித் தொழிலாளிக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. வைத்தியக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனுக்கும் உண்டு. பி.எட். மாணவிக்குச் சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. நான்கு மாதம் வகுப்பு எடுக்கிறாள். அந்த நான்கு மாதத்துக்கும் சேர்த்துக் கல்லூரிக்குக் கட்டணமும் கட்டுகிறாள். உழைக்கவும் வேண்டும், உழைப்பதற்குப் பணமும் கட்ட வேண்டும்!

பள்ளியில் அவளுக்கு வழிகாட்ட வேண்டிய ஆசிரியருக்கோ சொந்த வகுப்பு இருக்கிறது. அதற்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலை, புள்ளிவிவரம் அனுப்பும் வேலை. மாணவியின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, சாயங்காலம் அரை மணி நேரம் பேசித் திருத்துவதற்கு அவருடைய கால அட்டவணையில் இடம் ஏது? அதற்குத் தனிப்படி ஏது? ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில் இதன் முடிவு என்னவாகும் என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம். வாத்தியார் இல்லாத வகுப்பில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவளும் கற்பதில்லை, பிள்ளைகளும் கற்பதில்லை.

ஏழைப் பிள்ளைக்கு மலிவான வாத்தியார் என்பது புதிய யோசனையல்ல. 1789-ல் எழும்பூர் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பெரிய பையன்களைக் கொண்டே சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது கப்பலேறிப் போய் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. 2022-ல் நம் மாநிலத்தில் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பப் புறப்பட்டார்களே, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்களே, இரண்டுக்கும் அப்படி என்ன தூரம்?

இனி பட்டத்தின் விலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சர்க்கார் கல்வியியல் கல்லூரிகள் 7, உதவி பெறுபவை 14. இந்த 21-லும் சேர்த்து ஏறத்தாழ 2,000 இடங்கள். மற்றவையெல்லாம் பெரும்பாலும் தனியார் கையில். சுப்ரீம் கோர்ட் அமைத்த நீதிபதி வர்மா கமிஷன் 2012-ல் நாடு முழுவதையும் ஆராய்ந்தது. தனித்து நடக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பயிற்சி நிலையங்களில் பெரும்பாலானவை பயிற்சி என்ற பேச்சுக்கே போகாமல் பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்ற அதன் முடிவை, மத்திய சர்க்காரின் 2020-ம் ஆண்டுக் கல்விக் கொள்கையே எடுத்துச் சொல்லுகிறது.

நோயைச் சரியாகச் சொன்னவர்கள் மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள்? 2030-க்குள் ஆசிரியர் ஆக வேண்டுமானால் குறைந்தபட்சம் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பட்டம் வேண்டுமாம். பட்டப்படிப்பு மூன்று, பி.எட். இரண்டு என்று ஐந்தாண்டு படிக்கிறவருக்கு ஓராண்டு மிச்சம் என்பது உண்மை. ஆனால் பிளஸ் டூ முடித்து இரண்டே ஆண்டு டிப்ளமாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகலாம் என்றிருந்த கூலிக்காரர் மகளுக்கு? அவளுக்கு இரண்டு ஆண்டு நான்காகிறது. அந்த நான்கு ஆண்டுக்கும் சோறு போடுவது யார் என்று எழுதாத கொள்கை அவளுக்குக் கதவைச் சாத்துகிறது என்றே நாம் சொல்லுவோம்.

நான்காண்டுப் படிப்பும் புதிதல்ல. 1963-ல் மைசூர், அஜ்மீர், போபால், புவனேஸ்வர் ஆகிய நான்கு ஊர்களில் சர்க்காரே வட்டாரக் கல்விக் கல்லூரிகளைத் திறந்து அதை நடத்தியது. ஒவ்வொன்றின் வளாகத்திலும் கூடவே ஒரு பள்ளியையும் கட்டியது. ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகத்தை விட்டும் பள்ளியை விட்டும் தனித் தீவாகக் கிடக்கிறது என்று 1964-66-ல் கோத்தாரி கமிஷன் எச்சரித்தது. நம் சைதாப்பேட்டையில், 1856-ல் பிறந்த சர்க்கார் ஆசிரியர் கல்லூரிக்கும் பக்கத்திலேயே மாதிரிப் பள்ளி உண்டு. பின்லாந்து தேசத்தில் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் பயிற்சிப் பள்ளிகளே இருக்கின்றன. ஆக வழி தெரியாமல் இல்லை. பள்ளி நடத்தினால் செலவு, பட்டம் கொடுத்தால் வரவு. தனியார் எதைச் செய்வார்?

பட்டம் வாங்கிய பிறகாவது நிம்மதி உண்டா? 2012 முதல் தகுதித் தேர்வு. 150 கேள்வி, அத்தனையும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. அழுகிற பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துவாள், பசியோடு வந்த பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பாள் என்று நேரில் பார்க்கும் பரீட்சை ஒன்றும் அதில் இல்லை. அதில் தேறியவர்களுக்கு நியமனத்துக்காக இன்னொரு போட்டித் தேர்வு என்று 2018-ல் ஓர் உத்தரவு. 2025 செப்டம்பரில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்போ, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்கிறது. இருபது ஆண்டு வகுப்பறை அனுபவத்தை எடை போட இவர்களிடம் வேறு தராசு கிடையாது.

ஆசிரியர் கல்லூரிக்குப் பள்ளி கட்டாயம் என்று விதியைத் திருத்த வேண்டும். 16 வாரத்துக்கும் மாணவிக்கு உதவித்தொகை வேண்டும். வழிகாட்டும் ஆசிரியருக்கு வகுப்பைக் குறைத்துப் படியும் தர வேண்டும். காலியிடத்தை நிரந்தர ஆசிரியரைக் கொண்டே நிரப்ப வேண்டும். இவை ஆசிரியர் சங்கங்கள் மட்டும் கேட்க வேண்டியவை அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்று 2009-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அதில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேளைக் கூலி போனாலும் போகட்டும், தோழர்களே, போய் உட்காருங்கள். இந்த ஆண்டு பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்தக் கல்லூரியிலிருந்து, எந்த வகுப்புக்கு, அவர்களோடு எந்த ஆசிரியர் என்று கேளுங்கள். கல்லூரிக்குப் பள்ளி எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.