வளையும் வலையும்

சொல்லைக் கற்பிப்பது எளிது. சொல்லுக்குரிய பொருளைக் கற்பிப்பது அரிது. பொருளை அறியாமல் ஒரு மொழிச் சொல்லை எடுத்துவிட்டு மறுமொழிச் சொல்லை அவ்விடத்தில் வைப்பது மொழிபெயர்ப்பும் ஆகாது, கற்பித்தலும் ஆகாது. ஆயினும், ஆங்கிலப் பகுதியொன்றைத் தமிழாக்கி மாணவர்க்கு வாசிக்கக் கொடுத்துவிட்டால் தமிழ்ப்பாடம் நடந்துவிட்டதாகக் கருதும் போக்கு சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சிலரிடம் காணப்படுகின்றது. இப்போக்கின் குறையை முயல் வேட்டை என்னும் ஒரே எடுத்துக்காட்டால் தெளிவாக உணரலாம்.

இங்கிலாந்தின் மணற்பாங்கான நிலங்களில் முயல்கள் கூட்டமாக வளை தோண்டி வாழ்கின்றன. மணல் தோண்டுதற்கு எளியது. மழைநீர் தேங்காமல் வடியவிடுவது. ஒரு வளைக்குப் பல வாயில்கள் உண்டு. வேட்டையாடுவோர் அவ்வாயில்கள்தோறும் சுருக்குப் பை போன்ற சிறு வலைகளை விரிப்பர். பின்னர் 'ஃபெரட்' என்னும் பழக்கிய விலங்கை உள்ளே விடுவர். நீண்டு மெலிந்த உடலும் குறுங்கால்களும் கொண்ட அவ்விலங்கு இருட்டில் நுழைந்ததும், முயல்கள் அஞ்சி வெளியே பாய்ந்து வலையில் வீழும். இம்முறை மிகப் பழையது. உரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்துள்ளார்.

இச்செய்தியைத் தமிழாக்க முனையும் ஆசிரியர் என்ன செய்வார்? வளையில் வாழும் விலங்கிற்கு 'முயல்' என்று எழுதுவார். 'ஃபெரட்'டுக்குக் 'கீரி' என்றோ 'மரநாய்' என்றோ எழுதுவார். இலக்கணப் பிழை ஒன்றும் இராது; ஆனால், பொருட்பிழை மூன்று நேர்ந்துவிடும்.

கீரி பாம்போடு பொரும் விலங்கு; 'ஃபெரட்' அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. மரநாயோ தமிழ்நாட்டில் பனையிலும் தென்னையிலும் ஏறித் திரிவது. அது சிங்கப்பூரிலும் உண்டு. மலாய் மொழியில் 'முசாங்' எனப்படும் அவ்விலங்கு சிக்லாப் வட்டாரத்து வீட்டுக் கூரைகளில் இரவில் ஓடுவதை அங்குள்ளோர் அறிவர். கூரைமேல் ஓடும் விலங்கை மண்ணுக்குள் விடுவதாக எழுதினால், மாணவன் எதனைக் கற்பனை செய்வான்?

மூன்றாவது பிழையே பெரிது. தமிழ்நாட்டுக் காட்டுமுயல் வளை தோண்டி வாழ்வதில்லை. புல்லிலும் புதரிலும் பதுங்கிக் கிடக்கும். ஆபத்து நேர்ந்தால் ஓடித் தப்பும். அதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. வளைமுயலின் குட்டிகளோ மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தமிழில் இரண்டையும் 'முயல்' என்று மட்டும் எழுதிவிட்டால், தமிழ் நிலத்து முயலே மாணவன் அறிவிலிருந்து மறைந்துபோகும்.

பண்டைத் தமிழ்ப் புலவர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வாழ்க்கையைக் காட்டுகின்றார். எயினர் நாய்களோடு சென்று புதர்களை அலைத்து, வேலியில் வலை மாட்டி, முயல்களை வளைத்துப் பிடிக்கின்றனர். எயிற்றியரோ இரும்பு முனை பூட்டிய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கின்றனர். மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டி எடுத்தலும், மண்மேல் ஓடுவதை வலையிட்டுப் பிடித்தலும் வெவ்வேறு தொழில்கள் என்பது அப்பாட்டில் எத்துணைத் தெளிவாக உள்ளது! வளை வேறு, வலை வேறு. ளகர லகர வேறுபாட்டை ஒலிப்பயிற்சியாக மட்டும் நடத்தும் ஆசிரியர் இப்பாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின், வளைக்குள் இருக்கும் விலங்கைப் பிடிக்கும் கலை தமிழரிடம் இல்லையோ? உண்டு. இளந்திரையன் ஆண்ட அதே தொண்டை மண்டலத்தில், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழும் இருளர் அக்கலையில் வல்லவர். வயல் வரப்பில் எலிவளையைக் கண்டதும், வாயிலில் கிடக்கும் மண் புதியதா பழையதா என நோக்கி, உள்ளே எலி உண்டா என்பதைத் தெளிவர். பிற வாயில்களை அடைப்பர். மண்பானையில் வைக்கோலும் தழையும் இட்டுத் தீமூட்டி, புகையை வாயால் ஊதி உள்ளே செலுத்துவர். பின்னர்க் கடப்பாரையால் தோண்டி எலியைப் பிடிப்பர். எலி சேர்த்துவைத்த நெல்லும் அவர்க்குக் கிடைக்கும். அப்புகை அவர்தம் கண்ணையும் நெஞ்சையும் வருத்துவது. அவர்தம் உழைப்பால் விளைச்சலைக் காத்துக்கொள்பவன் உழவன்.

வளையின் வாயிலை அடைத்தல், உள்ளிருப்பதை வெருட்டல், வெளிவருவதைப் பிடித்தல் ஆகிய மூன்றும் இரு நாட்டார்க்கும் பொது. எனினும், ஆங்கிலேயர் செய்வது மரபு விளையாட்டு என்று பாடமாகின்றது. இருளர் செய்வது இழிதொழில் என்று ஒதுக்கப்படுகின்றது. இந்த ஓரவஞ்சனையே கண்டிக்கத்தக்கது.

ஒதுக்கப்பட்ட அவ்வறிவின் மதிப்பை உலகம் உணர்ந்திருக்கின்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்புத்தோல் வாணிகம் நின்று, இருளர் பிழைப்பிழந்தனர். 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அச்சங்கத்தின் பணி. பாம்புக்கடிக்குரிய மருந்து செய்ய அந்நஞ்சு பயன்படுகின்றது. 2017இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேட மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைத்துச் செல்லப்பட்டனர். தடம் பார்த்துப் பாம்பறியும் அவ்விருவர்க்கும் 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. இச்செய்தி எத்தனை தமிழ் வகுப்பறைகளை எட்டியது?

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. வேட்டையைக் கற்பித்தல் கொடுமையைக் கற்பித்தலாகும் என்பர் சிலர். இந்தியாவில் காட்டுமுயலை வேட்டையாடுதல் இன்று சட்டப்படி குற்றம் என்பதையும் ஆசிரியர் சேர்த்தே சொல்லலாம். பழைய தொழிலை அறிவது வேறு. அதனைச் செய்யத் தூண்டுவது வேறு. எலி பிடிப்போரைப் பாடத்தில் வைத்தால் மாணவர் அருவருப்பர் என்பர் வேறு சிலர். அருவருப்பு பிள்ளைகளின் பிறவிக் குணமன்று. பெரியோர் முகத்தைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொண்டதே அது. அதனை மாற்றவும் பள்ளியே வேண்டும்.

சிங்கப்பூர்ப் பிள்ளை இங்கிலாந்து மணற்குன்றையும் கண்டதில்லை, செங்கல்பட்டு வரப்பையும் கண்டதில்லை; எதைக் கற்பித்தால் என்ன என்பதே மூன்றாம் மறுப்பு. லிட்டில் இந்தியாவில் 'பஃப்ளோ ரோடு' இருக்கின்றது. அதனருகே 'கெர்பாவ் ரோடு' இருக்கின்றது. இரண்டின் பொருளும் எருமைச் சாலை என்பதே. இன்று அங்கு எருமை இல்லை. எனினும், ஒருகாலத்தில் அவ்வட்டாரம் கால்நடை வாணிகத்தால் தழைத்தது என்று ஆசிரியர் விளக்கியவுடன், மாணவன் அன்றாடம் நடக்கும் தெருவே அவனுக்குப் பாடமாகிவிடுகின்றது. காணாத பொருளைக் காட்டுவதற்கே ஆசிரியர் இருக்கின்றார். ஆனால், தாம் அறியாத பொருளை எவராலும் காட்ட இயலாது.

1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டபின், சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளி இல்லை. மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்க, தமிழுக்கு எஞ்சியிருப்பது தமிழ்ப் பாடவேளை மட்டுமே. அச்சிறு பொழுதையும் ஆங்கிலத்தின் நிழலுக்குக் கொடுத்துவிட்டால், தமிழ்வழியே மட்டும் அறியத்தக்கவற்றை மாணவன் எப்போது அறிவான்?

நியூசிலாந்தில் குடியேறியோர் முயல்களைக் கொண்டுவந்தனர். அவை பெருகிப் புல்வெளிகளை அழித்தன. அவற்றை ஒழிக்க 1880களில் 'ஃபெரட்'டுகளைக் கொண்டுவந்து விட்டனர். முயல் ஒழியவில்லை, பறக்கவியலாத உள்நாட்டுப் பறவைகளே இரையாயின. நிலமறியாது விட்ட விலங்கு செய்த கேட்டை, பொருளறியாது விட்ட சொல்லும் செய்யும்.

மொழிபெயர்ப்பே கூடாது என்பதன்று இங்குக் கூற வந்தது. 'ஃபெரட்'டை 'ஃபெரட்' என்றே எழுதுக. வளைமுயல் வேறு, காட்டுமுயல் வேறு என்று விளக்குக. அதனோடு, வரப்பில் குனிந்து மண்ணின் ஈரம் பார்க்கும் இருளரையும் பாடத்தில் வைக்குக. மாணவரும் சொல்லின் பொருளைக் கேட்பதோடு நில்லாது, அது எந்நிலத்துச் சொல், எவர் கைத்தொழிலில் பிறந்த சொல் என்று கேட்கத் துணிதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தேடும் ஆசிரியரே தமிழாசிரியர்.