டம்ளரில் கம்பி விட்டால் சோதனையா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கும் ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பனையாளர்களின் கம்பி வித்தைக்கு மாவட்ட நிர்வாகம் உடனே முடிவு கட்ட வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்று வீட்டுக் குழாயில் பிடித்தது, மற்றது அவர்கள் கொண்டுவந்தது. இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வீட்டுத் தண்ணீர் பழுப்பாகி, கறுத்து, கசடு திரள்கிறது. அவர்களுடையது அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் குடிக்கும் தண்ணீராயிற்றே என்று பதறி, தாய்மார்கள் அங்கேயே முன்பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

தாய்மார்களே, அந்தக் கசடு கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து கம்பியை அரிக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. அவர்கள் டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் கறுக்கும். டி.டி.எஸ். மீட்டர் என்ற கருவியும் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத, தோல் ஆலைக் கழிவில் வரும் குரோமியத்தை அது தனியே பிரித்துச் சொல்லாது.

ஆனால் விற்பனையாளரை நம்பிவிடும் பாலாற்றங்கரை மக்களை நாம் குறை சொல்ல மாட்டோம். பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-ல். அதன்பின் 2015-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அதிகாரிகளின் உறுதிமொழியை இன்னும் எத்தனை காலம் நம்புவார்கள்?

அதற்காக விஞ்ஞானத்தையே கைவிட்டுவிடலாமா? தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதைக் கணக்கெடுத்துச் சொன்னது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். 1996 தீர்ப்பில் அந்தக் கணக்கு இடம்பெற்றிருக்கிறது. மக்களின் கண்ணீரோடு நிபுணர்களின் கணக்கும் சேர்ந்ததால்தான் வழக்கு எடுபட்டது.

விற்பனையாளர் வாசலுக்கு வருகிறார், அரசின் ஆய்வறிக்கையோ கோப்பிலேயே கிடக்கிறது. நம்பிக்கை யார் பக்கம் போகும்? வார்டுவாரியாக, எந்தக் கிணறு, எந்தத் தேதி, குரோமியம் எவ்வளவு, சோதித்தவர் யார் என்று மாதந்தோறும் ரேஷன் கடைப் பலகையில் தமிழில் எழுதிப் போடுங்கள். இது மக்களின் உரிமை.

வாசகர்களே, முன்பணம் கொடுக்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். குரோமியத்தையும் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். முடிவை வாங்கி, தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள்.